மாமா கையில் வைத்திருந்த ஒரு நாள்

என் அக்கா புருஷன் சுப்பராயலு மழை சொல்லுகிறவர். சம்பளத்துக்கு அல்ல. சம்பளத்துக்கு அவர் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். இருபத்தெட்டு வருஷமாக அதே பாய்லர், அழுத்தம் காட்டும் அதே முள், மணிக்கு ஒரு தடவை குறித்துவைக்கும் அதே நோட்டு. சிதம்பரத்தில் பஸ் ஏறி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி இறங்கி, எட்டு மணி நேரம் அந்தச் சூட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். பாய்லர் இரைச்சலில் இரண்டு காதும் பாதி போய்விட்டது. இடது காதில் சுத்தமாகக் கேட்காது. அதனால் போன் வந்தால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எங்கள் வீட்டு விஷயம் எதுவுமே வீதிக்குத் தெரியாமல் இருந்தது கிடையாது.

மழை சொல்லுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு மேல வீதியில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வருவார். அன்றைக்குக் கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் வீதிச் சத்தம் குறையும். ஐரோப்பாக்காரன் போடும் மழைப் படம், அமெரிக்காக்காரன் போடும் மழைப் படம், நம் வானிலைத் துறை அறிக்கை எல்லாவற்றையும் போனில் ஒரு மணி நேரம் புரட்டுவார். வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் முதுகில் ஏழு நாளைக்கு ஏழு வரி எழுதுவார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவார்.

“வணக்கம். சுப்பராயலு பேசறேன். திங்கக்கெழமைலேருந்து ஞாயித்துக்கெழம வரைக்கும் நம்ம பக்கம் எப்பிடி இருக்கும்னு பாக்கலாம்.”

நான்கு நிமிஷம். இருமலையும் ஆட்டோ ஹார்னையும் வெட்டி எடுத்துவிட்டு, நான் நான்கு வாட்சப் குழுக்களுக்கு அனுப்புவேன். குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு. எல்லாம் சேர்த்தால் மூவாயிரத்து எண்ணூறு பேர். எல்லாரும் நெல்லுக்காரர்கள். நடவு, உரம், மருந்து, அறுப்பு எல்லாவற்றுக்கும் ‘மழை மாமா’ என்று அவர்கள் கூப்பிடும் இவர் குரலுக்காகக் காத்திருப்பார்கள்.

மாமாவின் அப்பாவும் நெல்லுக்காரர்தான். நிலம் விற்றுப்போனது. மாமா ஐடிஐ படித்து பாய்லருக்குப் போனார். ‘தானே’ புயல் அடித்த அன்றைக்கு அவர் கம்பெனிக்குள் மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்ததும், “வர்றது முன்னாடியே தெரியாம போச்சே இளமதி” என்று என் அக்காவிடம் ஒரு நாள் முழுக்கப் புலம்பினாராம். அதற்குப் பிறகு பிடித்த பைத்தியம் இது. மொட்டைமாடியில் மழைமானி வைத்தார். காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். அவர் ஷிப்டில் இருந்தால் அக்கா அளப்பாள். திட்டிக்கொண்டே அளந்தாலும் மில்லிமீட்டர் தப்பாது.

மாமாவிடம் இரண்டு பழக்கம் உண்டு.

முதலாவது பாய்லர் கொடுத்தது. அந்த முள்ளுக்குப் பத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். மாமா ஒன்பதைத் தாண்ட விடமாட்டார். “பத்து கம்பெனி போட்ட கோடு, ஒம்போது நான் போட்ட கோடு” என்பார். மழைக்கும் அதையே செய்தார். படமெல்லாம் வெள்ளிக்கிழமை மழை என்று காட்டினால் இவர் வியாழன் என்று சொல்லுவார். ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எவனும் அவர் பேச்சைக் கேட்டு நனைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பழக்கம் பட்டுத் தெரிந்துகொண்டது. அவருடைய தங்கை மங்கலத்தைக் குமராட்சிப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். புருஷன் பெயர் சின்னதம்பி. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, குழுவில் சொல்லுவதற்கு முன்பே, மாமா போனில் சின்னதம்பியிடம் “சீக்கிரம் அறுத்துடு” என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அறுப்பு மெஷினுக்கு ஓடியபோது, ஊருக்கு வந்திருந்த ஒரே மெஷின் சின்னதம்பி வயலில் நின்றது. “தங்கச்சி ஊட்டுக்கு ஒரு மழ, ஊருக்கு ஒரு மழையா?” என்று குழுவில் கிழித்தெடுத்துவிட்டார்கள். மாமா குழுவிலேயே மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும், பெற்ற தாயே எழுந்து வந்து கேட்டாலும், அவரிடமிருந்து ஒரே பதில்தான். “குரூப்ல சொன்னதுதான்.”

மறு வருஷம் சின்னதம்பி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மூன்று ஏக்கரை மங்கலம் அக்கா தனியாளாகப் பார்த்தாள். போன குறுவை நன்றாக வந்திருந்தது. கதிர் பிடித்துத் தலை தொங்கி, அறுப்புக்குத் தயாராக நின்றது. அவள் பெண் ப்ரீத்தி கடலூரில் நர்ஸிங் கடைசி வருஷம். அந்த நெல்லில்தான் ப்ரீத்தியின் படிப்பும் இருந்தது, அடுத்து சம்பா வைப்பதும் இருந்தது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்து ராஜ்கமல் வந்து சேர்ந்தான். கடலூர்க்காரன், இன்ஜினியரிங் படித்தவன். மழைக்கென்றே ஒரு பக்கம் நடத்துகிறான். கலர் கலராகப் படம், கோடு, அம்புக்குறி. அவன் ஒரு நாள் உட்கார்ந்து மாமா கடைசியாகச் சொன்ன பன்னிரண்டு மழைகளையும் எடுத்து அட்டவணை போட்டான். ஒரு பக்கம் மாமா சொன்ன நாள், இன்னொரு பக்கம் மழை வந்த நாள். பன்னிரண்டில் ஒன்பது சிவப்பு. கீழே ஒரு வரி: “மழை மாமா ஊட்டு காலண்டர் ஒரு நாள் வேகமா ஓடுது.” பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு பொம்மை.

அதை மாமாவின் குழுக்களிலேயே எவனோ கொண்டுவந்து போட்டான். தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. ஞாயிறு மதியம் என் கடையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கு அருகில் வைத்து மாமா வரி வரியாகப் படித்தார்.

“தப்பா ஒண்ணும் எழுதல மச்சான். ஒம்போதும் ஒம்போதுதான்.”

அவருக்கு வலித்தது. சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் நான்கு பேரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்.

“இந்த வாட்டி உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க மாமா. அந்த ஒரு நாள எடுத்துடுங்க. அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கணும்.”

“பழகிப்போச்சி எழிலா. சட்டுனு எடுக்க முடியுமா?”

“ஒரு நாள் எடுத்துதான ஆவணும்? இல்லன்னா அடுத்த பன்னெண்டையும் போடுவான்.”

தாளில் புதன்கிழமைக்கு நேரே ஏற்கெனவே எழுதியிருந்ததை மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். படமெல்லாம் வியாழன் மதியத்துக்கு மேல் மழை என்று காட்டின. இரண்டு படமும் அச்சு அசலாக ஒத்துப்போயின. புதனை அடித்துவிட்டு வியாழனுக்கு நேரே எழுதினார்.

“வியாழக்கெழம மத்தியானத்துக்கு மேல மழ ஆரம்பிக்கும். ஜாஸ்தியாவே இருக்கும், பத்து சென்டிமீட்டரத் தாண்டுனாலும் தாண்டும். பழுத்து நிக்கற குறுவைய வியாழன் காலைக்குள்ள அறுத்து ஏத்திடுங்க.”

ஒரு பழக்கத்தை மாற்றுகிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாத பழக்கத்தை மாற்றியதாக யாரிடம் போய்ச் சொல்லுவது? நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து மாமா மூன்றரைக்கு என் கடைக்கு வந்தார். கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் கொடுக்கச் சிட்டா அடங்கல் நகல் எடுக்க வந்தவர்கள், குமராட்சி குழுவில் இருப்பவர்கள். மாமாவைப் பார்த்ததும் கும்பிட்டார்கள். அந்த நேரத்தில் மங்கலம் அக்காவின் போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கர்.

“அண்ணா, நம்ம மெஷினு நாளைக்கு இல்ல. ராஜமாணிக்கம் நாளைக்குக் கேட்டாரு, மாத்திக் குடுத்துட்டேன். நமக்கு வெள்ளிக்கெழம காலையில. ப்ரீத்தியும் வெள்ளிக்கெழம லீவுல வந்துடுவா, நெல்லு அள்ள ஒத்தாசையா இருக்கும்.”

ராஜமாணிக்கம் அவளுக்கு அடுத்த வயல்காரர். மாமா முகம் மாறியது. என்னைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் நகலைச் சரிபார்ப்பதுபோல் தாளைப் புரட்டினார்கள். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

“ஏம்மா வெள்ளிக்கு...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

“இன்னாண்ணா? ஒண்ணும் மாறலியே?”

“குரூப்ல சொன்னதுதாம்மா.”

“அப்ப சரிண்ணா” என்று அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள்.

அந்த இருவரும் போன பிறகு மாமா நாற்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “வியாழன்னு சொன்னனே மச்சான். இவ ஏன் வெள்ளிக்கு மாத்துறா?” என்றார். போனில் ஏதோ எழுதினார். மங்கலத்தின் பெயர் மேலே தெரிந்தது. அழித்துவிட்டார்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். “மங்கலம் அக்காவுக்குத் தெரியாதா மாமா? உங்க மெசேஜ மொதல்ல கேக்கற ஆளே அவுங்கதான். எதனா யோசிச்சிதான் செஞ்சிருப்பாங்க” என்று நான் சொன்னேன்.

அவருக்கு ஆறவில்லை. தங்கைக்குத் தனியாகச் சொல்லக் கூடாது, ஊருக்கே இன்னொரு தரம் சொல்லிவிடலாம் என்று அரை நிமிஷம் பேசி அனுப்பச் சொன்னார். “ஞாயித்துக்கெழம சொன்னதுல எந்த மாத்தமும் இல்ல. வியாழன் மத்தியானத்துக்கு மேலதான்.” நான் அனுப்பினேன். முதலில் வந்த கட்டை விரல் மங்கலம் அக்காவுடையது.

வியாழன் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. பதினோரு மணிக்குக் கிழக்கே கறுத்தது. ஒன்றரைக்கு என் கடைக்கு எதிரே இருந்த தீபாவளித் துணிக்கடைக்காரர்கள் ரோட்டில் பரப்பியிருந்ததையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு மணிக்கு மேல வீதியில் எதிர்ச்சாரி தெரியவில்லை. மாமா ஏறிய பஸ் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்ததாம். நான்கே முக்காலுக்குக் கடைக்குள் நுழைந்தபோது அவர் உடம்பில் காய்ந்த இடம் என்று ஒன்று இல்லை.

“மங்கலம் போன் எடுக்கல” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது ராஜ்கமல் போட்டிருந்ததை நான் பார்த்தேன். “நாளும் சரி, நேரமும் சரி. இன்று மழை மாமா துல்லியம். மனமார்ந்த வாழ்த்துகள்.” கீழே கைதட்டும் பொம்மைகள் இருநூறுக்கு மேல். நேற்று வரை இதற்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். மாமாவிடம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு என் அக்கா மாடியிலிருந்து கத்தினாள். நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை.

என் வண்டியில் நானும் மாமாவும் போனோம். வல்லம்படுகைக்கு மேல் இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்தன. ராஜமாணிக்கத்தின் வயலில் அறுத்த நெல்லின் அடித்தாள் மட்டும் தண்ணீருக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் நெல் வியாழன் காலையே ஏறிப் போய்விட்டது. அதற்கு அடுத்து மங்கலம் அக்காவின் வயல். கதிர் முழுக்கப் படுத்துவிட்டது. பாய் விரித்த மாதிரி கிடந்தது, பாய்க்கு மேல் தண்ணீர் நின்றது. போர்வெல் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் மேட்டில் இருக்கும் முக்கால் ஏக்கர் மட்டும் பாதி சாய்ந்து, பாதி நின்றது. அறுப்பு மெஷின் ரோட்டோரம் தார்ப்பாய் போர்த்தி நின்றுகொண்டிருந்தது.

மங்கலம் அக்கா வரப்பில் நின்றாள். முழங்கால் வரை சேறு. பக்கத்தில் ப்ரீத்தி, காலேஜ் பையைக்கூட இறக்காமல்.

“வாண்ணா. வா தம்பி” என்றாள். என்றைக்கும் கூப்பிடுவதைப் போலத்தான் கூப்பிட்டாள்.

“வியாழன்னுதான சொன்னேன் மங்கலம்... ரெண்டு வாட்டி சொன்னனே.”

“சொன்ன. யாரு இல்லன்னாங்க? நீ வியாழன்னா அது வெள்ளிதான?”

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

“இது ஊருக்கே தெரியுமே. எங்கண்ணன் ஒரு நாள கையில வச்சிக்கிட்டுதான் பேசும், ஒண்ணு கூட்டிக்குங்கன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லி வச்சேன். டீக்கடையிலயே அந்தக் கணக்குதான் ஓடுது. உன் கணக்குக்கு வெள்ளி சாயந்திரம்தான மழ? காலையில அறுத்துட்டா போதும்னு நெனச்சேன். புது ஆளு அந்த ராஜமாணிக்கம். அவருக்குதான் இது தெரியாது.”

ராஜமாணிக்கம் போன வருஷம்தான் திட்டக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே நிலம் வாங்கியவர். மாமா பேச்சை அப்படியே நம்பிய ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது.

“இந்த வாட்டி எடுத்துட்டேம்மா” என்றார் மாமா.

“எத?”

“அந்த நாள.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. “ஏண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “எடுக்கணும்னு தோணுச்சி, எடுத்துட்டேன்” என்றார்.

நான்தான் எடுக்கச் சொன்னேன் அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஊர்ப்பட்ட கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவன், அந்த வரப்பில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

“நான் போன் பண்ணப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல” என்றாள் அக்கா, யாரிடமோ சொல்லுவதுபோல. பிறகு குனிந்து ஒரு கொத்துக் கதிரைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கியதும் அது மறுபடி தண்ணீரில் விழுந்தது. ப்ரீத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை வெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமா கடைக்கு வர மாட்டேன் என்றார். வந்தார். வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். குழுக்களில் முன்னூறு பேருக்கு மேல் கேட்டிருந்தார்கள். “மாமா, இந்த வாரம் எப்பிடி?” “மாமா, ஏன் பேசல?” மங்கலம் அக்கா மாதிரியே ஒரு நாள் கூட்டிப் பார்த்து நெல்லை விட்ட ஒருவர் எழுதியிருந்தார்: “இனிமே சொல்றப்ப அது நெசமான நாளா, உங்க நாளான்னு சேத்து சொல்லுங்க.” மாமா அதை இரண்டு தரம் படித்தார்.

மூன்று மணிக்கு ஷட்டருக்குக் கீழே குனிந்து மங்கலம் அக்கா உள்ளே வந்தாள். கையில் ஒரு சின்னப் பையில் நல்லெண்ணெயும் சீயக்காயும். மறுநாள் தீபாவளி. வெறும் தரையில் உட்காரப் போனவளை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

“கீழ இருந்தது மொளச்சிடுச்சிண்ணா. அத வுட்டுட்டேன். மேட்டுல இருக்கற முக்கா ஏக்கரு தண்ணி வடிஞ்சிடுச்சி. மெஷினு எறங்காது, கையாலதான் அறுக்கணும். நாளைக்கு பண்டிக, எவளும் வர மாட்டா. செவ்வாக்கெழம நாலு பேரு வர்றேன்னிருக்காங்க. செவ்வா ஒரு நாளு மழ இல்லாம இருந்தா போதும். சாப்பாட்டுக்காச்சும் ஆவும். நீ சொல்லு.”

மாமா போனை எடுத்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்தேன். ஐரோப்பா, அமெரிக்கா இரண்டும் ஒரே மாதிரி. திங்கள் வெயில். செவ்வாய் வெயில். புதன்கிழமை விடியற்காலையில் மழை. மாமா தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார். புதனுக்கு நேரே எழுதப் போன கை மேலே ஏறிச் செவ்வாய்க்கு நேரே எழுதியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

“வணக்கம். சுப்பராயலு பேசறேன். செவ்வாக்கெழம காலையிலேருந்தே மழ புடிச்சிக்கும்...”

பேசி முடிக்கும் வரை மங்கலம் அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்.

“இதுல உன் நாளு இருக்காண்ணா?”

“இல்ல.”

“நெசமா?”

“நெசமாதான். படத்துல இருக்கறதத்தான் சொல்றேன். அந்தப் பழக்கத்த வுட்டுட்டேம்மா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “தம்பி?”

மாமாவின் கை தாளின் மேல் கவிழ்ந்திருந்தது.

“ஆமாக்கா” என்றேன்.

“அப்ப நாளைக்கே அறுத்துடறேன். நானும் ப்ரீத்தியும் ஆவற வரைக்கும் அறுக்கறோம்” என்று அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் போனதும் மாமா என்னிடம் விளக்கம் சொல்லப் பார்த்தார். “புதன்னு போட்டிருக்கறது பாதி நாள் முன்னாடி வந்துட்டா இன்னா பண்ணுவ? இன்னொரு வாட்டி அவ வயல்ல நான் போயி நிக்க மாட்டேன் மச்சான்.” மூவாயிரத்து எண்ணூறு பேருக்கும் அனுப்பினேன்.

தீபாவளி அன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு நானும் மாமாவும் என் அக்காவும் மங்கலம் அக்காவின் ஊருக்குப் போனோம். அவளும் ப்ரீத்தியும் ஏற்கெனவே வயலில் இருந்தார்கள். ஐந்து அரிவாள். மாமா அரிவாள் பிடித்து முப்பது வருஷம் இருக்கும். சாய்ந்த கதிரை ஒரு கையால் தூக்கி, அடியில் அறுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. ஊருக்குள் சரவெடி வெடித்துக்கொண்டே இருந்தது. ப்ரீத்தி விரலை அறுத்துக்கொண்டாள், தானே கட்டுப் போட்டுக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் நாங்கள் மட்டும் இல்லை. அங்கங்கே மேட்டு வயல்களில் இரண்டு பேர், மூன்று பேர் எனக் குனிந்திருந்தார்கள். பண்டிகை நாளில் புருஷனும் பொண்டாட்டியுமாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, “நீங்க சொன்னதாலதான் மாமா எறங்கினோம்” என்று கத்தினார். மாமா கையை ஆட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை. சாயந்திரத்துக்குள் கட்டுகளைத் தார்ப்பாயில் அடித்து, நெல்லைக் கொட்டகைக்குள் சேர்த்துவிட்டோம். மங்கலம் அக்கா கொண்டுவந்த தூக்குச்சட்டியில் இரண்டு அதிரசம் இருந்தது. ஐந்து பேரும் பிட்டுத் தின்றோம்.

செவ்வாய்க்கிழமை மாமா லீவு போட்டிருந்தார். நான் ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது மொட்டைமாடியில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. எட்டரைக்கு மழைமானியை எடுத்துக் கவிழ்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. மழையை நினைத்து இத்தனை வருஷம் பயந்த மனுஷன், அன்றைக்கு ஒரே ஒரு தூறலாவது போடாதா என்று நின்றார். எனக்கும் அதேதான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பத்து மணிக்குப் போன் வந்தது. மங்கலம் அக்கா. ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, வெயில் அடிக்குது.”

“ம்.”

“நெல்லு நல்லா காயுது. கூலிக்கு வர்றேன்னவங்களும் வந்து நின்னாங்க. அறுத்தாச்சின்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் எங்கேயோ மிச்சப் பட்டாசு ஒன்று வெடித்தது. அவள் அது அடங்கும் வரை இருந்து பேசினாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிடுண்ணா. இனிமே நீ ஒரு நாளு சொன்னா, அதுல நான் எத்தினி கூட்டணும், எத்தினி கழிக்கணும்?”

மாமா ஸ்பீக்கரை அணைத்தார். போனைத் தூக்கி, கேட்காத அந்த இடது காதில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் கேட்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.